இரவு ரயிலுக்கு முன் ஒரு பகல்: மதுரையிலிருந்து குடும்பத்தோடு எங்கே போய் வரலாம்?

கல்யாணம் முடிந்த மறுநாள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட். கையில் ஒரு பகல் மிச்சம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகாமல் எப்படித் திரும்புவது என்கிறார் பெரியம்மா. கொடைக்கானல் என்கின்றன பிள்ளைகள். சீசன் நேரமாக இருந்தால் சித்தப்பா குற்றாலத்தை விட மாட்டார். பன்னிரண்டு பேர், அவர்களில் ஒரு மூன்று வயதுக் குழந்தை, முழங்கால் வலியோடு ஓர் அப்பத்தா. இந்த நிலையில் மாட்டிக்கொண்டு என்ன செய்வதென்று கேட்பவர்களுக்காக ஆறு இடங்களை இங்கே எடை போட்டிருக்கிறோம்.

இடங்களுக்குள் போவதற்கு முன் எதை வைத்து எடை போடுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். "எது நல்ல இடம்" என்று கேட்டால் ஆறுமே நல்ல இடம்தான். "இந்த ஆட்களோடு, இந்த ஒரு பகலில், எது நடக்கும்" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

இடத்தில் மிஞ்சும் நேரம். இரவு ஒன்பது மணிக்கு மேல் ரயில் என்றால், எட்டரைக்கு மதுரை ஜங்ஷனில் நிற்க வேண்டும். குளித்து, பெட்டி கட்டி, சாப்பிட்டுக் கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக, ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நின்றாக வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மொத்தம் 13 மணி நேரம். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, டீ, கழிப்பறை என்று இரண்டரை மணி நேரம் போய்விடும். மிச்சம் பத்தரை. அதில் வண்டி ஓடும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையான சுற்றுலா. ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்று முதல்நாள் பேசிவைத்தாலும், கல்யாண வீட்டில் ஆறுக்கு முன்னால் வண்டி நகராது. அதனால் ஆறு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களில் யார் மிகவும் முடியாதவர். பயணத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். படியேற முடியாத அப்பத்தா, மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் ஏழு வயதுப் பையன், கைக்குழந்தைக்காரி ஆகிய மூவரில் யாருக்கு எந்த இடம் ஒத்துவராது என்று பார்த்தாலே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

கழிப்பறை. இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மதியம் தலை சுற்றும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, உட்காரும் வகைக் கழிப்பறை உள்ள ஓட்டலாகப் பார்த்து நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நடை சாத்தும் நேரம். தென்மாவட்டக் கோயில்களில் பெரும்பாலானவை மதியம் சாத்தி மாலையில் திறப்பவை. பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் மூடிய கதவைத்தான் கும்பிட்டுவிட்டு வர வேண்டும்.

வண்டிக் கணக்கு. டிராவல்ஸில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை பாதிக் கதைதான். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது பல இடங்களில் வழக்கம். தூரத்தை உங்கள் வீட்டிலிருந்து எண்ண மாட்டார்கள், அவர்கள் ஷெட்டிலிருந்து எண்ணுவார்கள். டிரைவர் பேட்டா தனி, மலை ஏறினால் அதற்கு ஒரு பேட்டா தனி. டோல், பார்க்கிங், கேரளாவுக்குள் போனால் பர்மிட், எல்லாம் உங்கள் தலையில். மலைப்பாதையில் ஏசி போடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். வாடகை குறைவாகக் கிடைக்கிறதே என்று வெள்ளை போர்டு வண்டியில் ஏறாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு.

இந்த அளவுகோல்களை வைத்து ஆறு இடங்களின் கணக்கு, தோராயமாக:

| இடம் | ஒரு வழித் தூரம் | போகவர வண்டியில் | இடத்தில் மிஞ்சுவது | அங்கிருந்து கிளம்ப வேண்டிய கடைசி நேரம் |
|---|---|---|---|---|
| ராமேஸ்வரம் | 170 கி.மீ. | 6½ முதல் 7 மணி | 3½ முதல் 4 மணி | பிற்பகல் 3 |
| கொடைக்கானல் | 120 கி.மீ. | 7 மணி | 3½ மணி | பிற்பகல் 2.45 |
| குற்றாலம் | 160 கி.மீ. | 7 மணி | 3½ மணி | பிற்பகல் 3 |
| தேக்கடி | 140 கி.மீ. | 7 மணி | 3½ மணி | பிற்பகல் 3 |
| பிள்ளையார்பட்டி, காரைக்குடி | 90 கி.மீ. | 4 மணி | 6 மணிக்கு மேல் | மாலை 4.30 |
| அழகர்கோயில், கீழடி | சுமார் 20 கி.மீ. | 2 மணி | 8 மணி | தேவையில்லை |

கொடைக்கானல் குற்றாலத்தைவிட 40 கிலோமீட்டர் கிட்டே இருந்தும் வண்டி நேரம் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, மணிக்கணக்குதான்.

## ராமேஸ்வரம்

மனதுக்கு நிறைவான பயணம். ஆனால் ஒரு பகலுக்குள் திட்டமில்லாமல் போனால் மிக அதிகமாகச் சொதப்புவதும் இதுதான். காரணம், ராமேஸ்வரம் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி வேலைகள்: 22 தீர்த்தமாடுவது, சுவாமி தரிசனம், தனுஷ்கோடி. மூன்றையும் மூன்றரை மணி நேரத்துக்குள் திணிக்க முடியாது.

ஆறு மணிக்குக் கிளம்பி வழியில் பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ சாப்பிட்டால், பத்து மணிக்குக் கோயில் வாசல். நடை மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கும். அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, உள்ளே 22 தீர்த்தங்களும் ஆட ஒன்றரை மணி நேரம். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், உடை மாற்ற அரை மணி. பெண்கள் மாற்றும் அறையில் கூட்டம் இருந்தால் அதற்கு மேலும் ஆகும். பிறகு தரிசன வரிசை. இதை முடித்து வெளியே வரும்போது ஒரு மணி. அதற்கப்புறம் தனுஷ்கோடி என்றால், உச்சி வெயிலில், ஒதுங்க ஒரு மரம் இல்லாத அரிச்சல்முனையில், சுடுமணலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகத்தான் அது முடியும்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தீர்த்தமாடத்தான் போகிறோம் என்றால் தனுஷ்கோடியை விட்டுவிடுங்கள். அஞ்சு மணிக்கே கிளம்பப் பாருங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, ஈரத்துணிக்குத் தடித்த பை, குழந்தைக்குத் துண்டு இரண்டு. தீர்த்தக் கிணறுகளைச் சுற்றியுள்ள கல்தரை எப்போதும் நனைந்தே இருக்கும். முழங்கால் வலி உள்ளவரை அங்கே நடத்தாதீர்கள், ஒருவரைத் துணைக்கு வைத்து உலர்ந்த பிராகாரத்தில் உட்காரச் செய்யுங்கள். உலகப் புகழ் பெற்ற அந்த மூன்றாம் பிராகாரமே அவருக்கு ஒரு தரிசனம். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால், கூட்டத்தில் பிரிந்தால் எந்த வாசலில் சேர்வது என்று முன்னமே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திதி கொடுக்க வேண்டியவர் யாராவது இருந்தால் அதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். சுற்றுலாவோடு அதைச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

தீர்த்தம் வேண்டாம், தரிசனமும் ஊரும் போதும் என்றால் வரிசையை மாற்றுங்கள். பத்து மணிக்கு ஊருக்குள் நிற்காமல் நேரே அரிச்சல்முனை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இருபுறமும் கடல் தெரிய அந்தச் சாலையில் போய்வந்து, பதினொன்றரைக்குக் கோயில் வரிசையில் நிற்கலாம். அரிச்சல்முனையில் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கடல்களின் நீரோட்டமும் மோதும் இடம், இழுவை அதிகம், குளிக்கத் தடையும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் இருந்தால் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். திரும்பும் வழியிலேயே இருக்கிறது, தரை சமதளம், பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை.

பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு சொல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில், கப்பல் போக 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று 17 மீட்டர் உயரத்துக்கு அப்படியே மேலே எழும். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது ஆபத்து. அந்தப் பாலத்தின் மேல் போகும் அனுபவம் வேண்டுமென்றால் ரயில்தான் வழி. காலை பாசஞ்சரில் போகவே நாலு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஆனாலும் நாலைந்து பேர் கொண்ட சிறு குடும்பத்துக்கு இது மலிவு, கழிப்பறை உண்டு, யாருக்கும் வாந்தி வராது. போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு: தனுஷ்கோடி சேர்த்தால் வண்டி ஏறத்தாழ 390 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொண்டால் வண்டிக்கே 7,800. போகவரத் திருப்பாச்சேத்தி, போகலூர் டோல்கள். கோயிலுக்குக் கிட்டே வேன் போக முடியாது, வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும். தீர்த்தக் கட்டணம் தனி.

எப்போது இதுதான் சரி: பெரியவர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும்போது, மலைப்பாதை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கும்போது. எப்போது வேண்டாம்: ஆடி, தை அமாவாசைகள், மகாளய அமாவாசை. அன்று மூன்றரை மணி நேரமும் வரிசையிலேயே போகும்.

## கொடைக்கானல்

பிள்ளைகள் கேட்பது இதைத்தான். அவர்களுக்குத்தான் இதில் சிரமமும் அதிகம். வத்தலக்குண்டு தாண்டியதும் தொடங்கும் மலைப்பாதை 50 கிலோமீட்டருக்கு மேல். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

வாந்தி ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதியைத் தடுக்கலாம். வளைவில் வண்டி திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கைபேசித் திரையையோ பார்த்து, அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. அதனால் வாந்தி வரும் பிள்ளையை முன்வரிசையில், வெளியே தூரத்தில் பார்க்கும்படி உட்கார வையுங்கள். வேனின் கடைசி சீட்டு பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஆட்டம் அங்கேதான் அதிகம். கைபேசியை வத்தலக்குண்டிலேயே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். அங்கே பூரியும் வடையும் வேண்டாம். இரண்டு இட்லி, அதுவும் மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை என்றால் மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் கேட்கும். குழந்தைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை முதல்நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பை, ஈரத்துணி, ஒரு மாற்றுச் சட்டை, இவை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இ-பாஸ் கட்டாயம். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறையில் உள்ளது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம், வண்டி எண்ணும் ஆள் எண்ணிக்கையும் தேவை. எந்த வண்டி வரும் என்று டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில்தான் சொல்வார் என்றால் பாஸ் எடுக்க முடியாது, முதல்நாள் மாலைக்குள் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கோடை சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள். 2025 கோடையில் அது வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை, ஆரப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பத்தரைக்கு மேல் ஊருக்குள் சேர்ந்தால் ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பவை, அவ்வளவுதான் முடியும். "பன்னிரண்டு இடம் காட்டுகிறேன்" என்று அழைக்கும் உள்ளூர் டாக்சிப் பயணத்துக்கு இன்று தலையாட்டாதீர்கள். தூண் பாறையில் போய் நிற்கும்போது மேகம் மூடியிருந்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது, மதியத்துக்கு மேல் அது அடிக்கடி நடக்கும். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதுவே போதும். பெரியவர்கள் பூங்காவில் உட்காரலாம். கோக்கர்ஸ் வாக் சரிவுப் பாதை, முழங்கால் வலி உள்ளவர் கம்பியைப் பிடித்து மெல்ல நடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக இறக்கம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிக் கருகல் வாசம் வரும். வாசம் வந்தால் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள், சூடு தணியும்வரை காத்திருங்கள். சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சியை ஒட்டி வண்டிகள் நகராமல் நிற்கும். ரயிலைத் தவறவிட்டவர்கள் பெரும்பாலும் அங்கே நின்றவர்கள்தான்.

எப்போது சரி: ஜூலை, ஆகஸ்ட், பிப்ரவரி மாதங்களின் வார நாட்கள், எல்லாரும் எட்டு வயதுக்கு மேல். எப்போது வேண்டாம்: மே மாதம், தொடர் விடுமுறைகள், ஐப்பசி கார்த்திகை அடைமழை. மழையில் மலைப்பாதையில் மண் சரியும். இரவு தங்க முடிந்தால் கொடைக்கானல் அருமையான இடம். இரவு ரயில் வைத்துக்கொண்டு போக எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

## குற்றாலம்

குற்றாலம் ஊர் அல்ல, பருவம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலாக இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அது குற்றாலம். மாசி பங்குனியில் போனால் ஈரப்பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

சீசனிலும் அன்றைக்குக் குளிக்க விடுவார்களா என்பது அன்று காலைதான் தெரியும். மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது, தண்ணீர் சட்டென்று ஏறும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். காலையில் கிளம்பும் முன் செய்தியில் "குளிக்கத் தடை" என்று பார்த்தால் அன்றைய பயணத்தையே மாற்றுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் 320 கிலோமீட்டரும் வீண்.

சிறு பிள்ளைகளுக்கு மெயின் அருவி வேண்டாம். தண்ணீர் விழும் வேகம் அவர்கள் கழுத்துக்கு ஆகாது. புலியருவி சிறியது, அவர்களுக்கு ஏற்றது. ஐந்தருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும். குளிக்கப் போகும் முன் சங்கிலி, தோடு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி, குளிக்காத ஒருவரிடம் கொடுங்கள். கல்யாண வீட்டுக் கூட்டம் என்பதால் எல்லார் கழுத்திலும் நகை இருக்கும், அருவியில் போனது திரும்பாது. சோப்பும் ஷாம்பும் பயன்படுத்தத் தடை. சீட்டு நனைந்தால் வண்டிக்காரர் தனிக்காசு கேட்பார், பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று எடுத்துப் போங்கள். குளித்த குழந்தையை உடனே தலை துவட்டி, உலர்ந்த துணி போட்டு, சூடாக எதையாவது சாப்பிட வையுங்கள்.

பெரியவர்களுக்கு இங்கே வேலை இல்லை, அதுதான் இதன் குறை. அதை ஈடுகட்ட வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. காலை ஏழரைக்கு ஆண்டாள் கோயிலில் கூட்டம் குறைவு. அங்கே அரை மணி செலவழித்தால் அருவியில் அரை மணி குறையும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பால்கோவா திரும்பும்போது வாங்குங்கள், காலையில் வாங்கி நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்தால் புளிக்கும். திருமங்கலத்தைத் தாண்டப் போகவர கப்பலூர் டோல் உண்டு.

## தேக்கடி

தேனி, கம்பம் வழியாகப் போகும் சாலை நம் பக்கத்திலேயே அழகான சாலைகளில் ஒன்று. லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. 1895-ல் அவர் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர்தான் வைகை வழியாக மதுரைக்கு வருகிறது என்று பிள்ளைகளிடம் அங்கே நிறுத்திச் சொல்லலாம். மலை ஏற்றமும் குறைவு.

சிக்கல் படகில்தான். ஒன்றரை மணி நேரப் படகுக்காக வண்டியை ஆனவச்சாலில் நிறுத்தி, நுழைவுச்சீட்டு வாங்கி, அங்கிருந்து வனத்துறை பஸ்ஸில் ஏறி, படகுத்துறைக்கு நடந்து, மறுபடி வரிசை. முன்னும் பின்னும் சேர்த்து மூன்று மணி நேரம் அதற்கே சரியாகிவிடும். உங்களுக்குப் பொருந்துவது பதினொன்றேகால் படகு மட்டும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். யானையைப் பார்த்தே தீருவோம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைக்கும் மாட்டுங்கள், வேர்க்கிறது என்று இடையில் கழற்ற விடாதீர்கள். 2009 செப்டம்பரில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கேரள பர்மிட் எடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குமுளியில் இறங்கி ஜீப்போ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருக்கும்.

தேனிப் பக்கம்தான் போக ஆசை, இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் 70 கிலோமீட்டரில் வைகை அணை. பூங்கா, தண்ணீர், புல்தரை, கட்டுச்சோறு. சிறு குழந்தைகளுக்கு இதுவே ஏராளம்.

## பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, காரைக்குடி

யாரும் முதலில் சொல்லாத இடம். ஆனால் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டு பேரும் முகம் வாடாமல் திரும்புவது இங்கேதான்.

மேலூர், திருப்பத்தூர் வழியாகச் சமதளச் சாலை. எட்டு மணிக்குப் பிள்ளையார்பட்டி. குடைவரைக்குள் கற்பக விநாயகர், படியேற்றம் கிடையாது. பத்து மணிக்கு ஆத்தங்குடி. அங்கே பெரிய செட்டியார் வீடு ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். முற்றம், பர்மா தேக்குத் தூண்கள், வண்ணக் கண்ணாடி. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும் இடம் இதுதான். அதற்கு மருந்து பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை. கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ண சிமென்ட் கலவையை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பின்புறத்துக்குச் சாந்து பூசி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பாக வரும். ஐந்து நிமிடத்தில் கண்முன்னே ஒரு பூக்கல் உருவாவதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கைபேசியைத் தேடாது. வேலை நடக்கும் நாளா என்று முன்பே விசாரித்துவிடுங்கள், நின்று பார்க்கவிடும் தொழிலாளிகளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரு மணிக்குக் காரைக்குடியில் சாப்பாடு. காரம் தாங்காத குழந்தைக்குத் தயிர்சாதமும் நெய்சாதமும் கிடைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் இந்தப் பயணத்தின் மறைசெலவு தலைகாட்டும். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையும். பணத்தைவிட நேரத்தைத் தின்பவை அவை. இரண்டும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிவிட்டே கடைக்குள் போங்கள். கார்த்திகை முதல் மாசி வரை என்றால், திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் மாலை நாலு மணிக்கு நிறுத்தலாம். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் காப்பாற்றி வைத்திருக்கும் கண்மாய்கள்.

வண்டி ஓடுவது 210 கிலோமீட்டர்தான் என்றாலும், குறைந்தபட்சம் 250 என்று பேசியிருந்தால் அதற்குத்தான் பில். 20 ரூபாய்க் கணக்கில் 5,000. ராமேஸ்வரத்தைவிட 2,800 குறைவு, மலை பேட்டாவும் கிடையாது. எப்போது வேண்டாம் என்றால் சித்திரை, வைகாசி உச்சி வெயிலிலும், பிள்ளையார்பட்டிக்குக் கூட்டம் திரளும் விநாயகர் சதுர்த்தி நாட்களிலும்.

## அழகர்கோயில், கீழடி, மகால்

உள்ளூர்தானே என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கைக்குழந்தை இருந்தால், அல்லது பெரியவருக்கு முதல்நாள் மண்டபத்தில் நின்று கால் வீங்கியிருந்தால், வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. இதன் பெரிய பலம், பாதியில் பிரியலாம் என்பது. ராமேஸ்வரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பன்னிரண்டு பேரும் திரும்ப வேண்டும். அழகர்கோயிலில் வந்தால் ஓர் ஆட்டோ போதும்.

ஏழு மணிக்குக் கள்ளழகர், பதினெட்டாம்படிக் கருப்பு. பிறகு மலைப்பாதையில் பழமுதிர்ச்சோலை, அதற்கு மேல் நூபுர கங்கை. கையில் பை, பழம், தின்பண்டம் எதுவும் தெரியக் கூடாது, குரங்கு குழந்தையின் கையிலிருந்தே பிடுங்கும். கீழே வந்து அழகர் தோசை வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்கு வீடு. சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்குக் கீழடி அருங்காட்சியகம், மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்தது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், பகடைக் காய்கள், சுடுமண் உறைகிணறு என்று கிட்டத்தட்ட 2,600 ஆண்டு பழமைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு போங்கள், அன்று மூடியிருந்தால் அந்த நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகால். மாலையில் மீனாட்சியம்மன் கோயில். ஆடி வெள்ளிகளிலும் சித்திரைத் திருவிழா நாட்களிலும் அழகர்கோயில் பக்கம் வேனோடு போக வேண்டாம்.

வண்டி பேசும்போது கிலோமீட்டர் கணக்கில் பேசாதீர்கள். 100 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு 250-க்குக் காசு கொடுக்க வேண்டிவரும். எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்பது போன்ற உள்ளூர் வாடகையைக் கேளுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அழகர்கோயிலும் கீழடியும். மூன்று தலைமுறையும் கலந்த பெரிய கூட்டம் என்றால் காரைக்குடி. பெரியவர்களின் வேண்டுதல் என்றால் ராமேஸ்வரம், தீர்த்தமோ தனுஷ்கோடியோ ஏதாவது ஒன்றோடு. எல்லாரும் இளவட்டம், ஆடி மாதம், தடை இல்லை என்றால் குற்றாலம். தேக்கடிக்கும் கொடைக்கானலுக்கும் ரயில் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எங்கே போவதென்றாலும் முதல்நாள் இரவு டிராவல்ஸ்காரருக்கு ஒரு போன் போட்டு, நாளை வரும் டிரைவர் இன்று இரவு கல்யாணச் சவாரி ஓட்டுகிறாரா என்று கேளுங்கள். முகூர்த்த நாட்களில் ஒரே டிரைவர் விடிய விடிய ஓட்டிவிட்டு அப்படியே உங்கள் வாசலுக்கு வருவதுண்டு. ஆம் என்றால் வேறு ஆள் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் கிளம்புவதை எட்டு மணிக்குத் தள்ளி, அழகர்கோயிலுக்கே போங்கள்.